லாபம், ஒண்ணு, ரெண்டு

இன்று வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர். நான். என் மனைவி சௌந்தரவல்லி. காலை பதினொரு மணிக்குத் திருச்சியிலிருந்து வந்து இறங்கிய மகன் இளஞ்செழியன். அவன் மனைவி ஷர்மிளா, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். ராணிப்பேட்டையிலிருந்து வந்த மகள் பூங்கோதை. அவள் கணவர் நடராசன். ஆறு பேரில் சாக்லேட் மில்க்ஷேக் குடிக்கப் போகிறவர்கள் ஐந்து பேர். சௌந்தரவல்லிக்குச் சர்க்கரை, அதனால் அவளுக்குக் கிடையாது. ஆக ஐந்து கிளாஸ், ஐந்து டம்ளர் பால், பத்து ஸ்பூன் சர்க்கரை, ஐந்து ஸ்பூன் கொக்கோ பவுடர், ஐஸ்கிரீம் அரைப்பதற்கு ஐந்து கரண்டி, மேலே வைப்பதற்கு ஐந்து கரண்டி, செர்ரி ஐந்து. எல்லாவற்றையும் நோட்டில் பென்சிலால் எழுதி உப்பு ஜாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறேன். செல்போனில் ஒரு பெண் இதைச் செய்து காட்டுவதைப் பதினோரு தடவை பார்த்தேன். புதன்கிழமை ஒரு தடவை செய்து பார்த்ததில் கொக்கோ பவுடர் கரையாமல் எறும்பு மிதக்கிற மாதிரி மிதந்தது. அதைக் கொஞ்சம் சுடுபாலில் குழைத்து டீ வடிகட்டியில் வடிக்க வேண்டும் என்று நானாகக் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை. அன்று கிளாஸின் உள்பக்கம் சாக்லேட் சாறால் போட்ட கோடுகள் வழிந்து அடியில் குளமாகிவிட்டன. கோடு போட்டதும் கிளாஸை ஐஸ் பெட்டிக்குள் கால் மணி நேரம் வைத்தால் கோடு அப்படியே நிற்கும், அந்தப் பெண் அதைச் சொல்லவே இல்லை. சௌந்தரவல்லி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூட்டை மூட்டையா நெல்லு அளந்த கை, இப்ப கிளாஸுக்குள்ள கோலம் போடுது. ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றாள். "ஊருக்கு இல்ல, வர்றவங்களுக்கு" என்றேன்.  அவளுக்கும் தெரியும், அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று.

இப்போது மணி நான்கு அடிக்க ஐந்து நிமிஷம். கொக்கோ வடிகட்டியாகிவிட்டது. மிக்ஸி ஜாடியில் இரண்டரை டம்ளர்தான் பிடிக்கும், அதனால் இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் முறை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மிக்ஸி சத்தம் போடும்போது கூடத்தில் இருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள், நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நான் நிறுத்துவதற்கும் அவர்கள் நிறுத்துவதற்கும் நடுவே ஒரு விநாடி இருக்கிறது. அந்த விநாடியில் பூங்கோதையின் குரல் தனியாக வந்து விழுந்தது. "அம்மா உங்கிட்ட, அப்பா எங்கிட்ட, வேற வழி இல்லடா."  பிறகு நடராசன் கனைத்துக்கொண்டு, "என்ன மாமா, மில்க்ஷேக்கா, இல்ல நெல்லு அவிச்சு அரிசி ஆக்குறீங்களா? இவ்ளோ நேரம்!" என்று உள்ளே பார்த்துக் கூவினார். எல்லாரும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்கள்.  எனக்கு எப்போதும் பதில் அரை மணி நேரம் கழித்துத்தான் வரும். மறுபடியும் மிக்ஸியை ஓட்டினேன், அரைத்தது போதும் என்று தெரிந்தும் ஓட்டினேன். அது ஓடுகிற வரைக்கும் அவர்கள் சொல்வது என் காதில் விழாது. போன மாதம் போனில் இளஞ்செழியன் சொன்னதுதான் இது. திருச்சி வீட்டில் இன்னும் ஒரு கட்டில் போடத்தான் இடம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் பூங்கோதையின் மாமியார் படுத்த படுக்கை, அங்கேயும் ஒருவருக்குத்தான் இடம். அவர்கள் மேல் தப்பில்லை. இரண்டு வீட்டையும் மனதுக்குள் பல தடவை அளந்து பார்த்துவிட்டேன், ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு இடம் வரவில்லை. இந்த வீட்டிலேயே நாங்கள் இருந்துகொள்கிறோம் என்றதற்கு, "உங்களால பார்த்துக்க முடியுமாப்பா? ரெண்டு தடவை கேஸை மூடாம விட்டீங்களாமே" என்றான். இரண்டு தடவை இல்லை, ஒரு தடவைதான். அதைச் சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் தோன்றியது. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம். அதில் நானும் அவளும் ஒரு கூரையின் கீழ் படுக்காத இரவுகள், இரண்டு பிரசவத்தையும் சேர்த்து, நூற்று எழுபத்து மூன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்படியெல்லாம் எண்ணி வைப்பவன் என்று தெரிந்தால் சிரிப்பார்கள்.

மில்க்ஷேக் நன்றாக வந்தால் ஒன்றும் மாறிவிடாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து கிளாஸும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், கோடு வழியாமல், செர்ரி சரியாமல் ஒரு தட்டில் வந்து நின்றால், இந்த மனுஷனுக்குக் கை தப்பவில்லை, எண்ணம் தப்பவில்லை என்று யாராவது ஒருவர் மனதிலாவது படும். முக்கியமாக ஷர்மிளாவின் மனதில். அவள் கெட்டவள் இல்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் சௌந்தரவல்லிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல "லாபம், ரெண்டு, மூணு" என்று சொல்லி மூன்று மாத்திரையை உள்ளங்கையில் போட்டேன். ஏழாம் வகுப்போடு நின்று, பதினான்கு வயதில் அரிசி மில் களத்துக்குப் போனவன் நான். நெல் அளக்கிறவன் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டான், லாபம் என்பான். அடுத்தது இரண்டு. என்னை நெல் அளக்க நிறுத்திய களத்து மணியக்காரர் முதல் நாளே, "ஒண்ணுன்னு சொன்னா அதோட நின்னுடும்டா, லாபம்னு ஆரம்பி" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒன்று என்ற எண்ணே கிடையாது. படிக்கட்டு, தேங்காய், துணி, ஊசி, எதை எண்ணினாலும் லாபம், ரெண்டு. ஷர்மிளா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "ஐயோ மாமா, மாத்திரையில என்ன லாபம்? நோய்ல லாபம் வேணாம் மாமா. ஒண்ணுன்னே சொல்லுங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது சிரித்துவிட்டு விடக்கூடிய சொல்லாக இல்லை. இத்தனை வருஷமாகச் சௌந்தரவல்லியின் நோயை நான் லாபம் லாபம் என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேனோ, அதனால்தான் ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றானதோ என்று அன்று ராத்திரி முழுக்க உறுத்தியது. அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளப் பார்த்தேன். சில நாள் ஒண்ணு வரும், சில நாள் லாபம் வந்துவிடும். இன்று அவர்கள் வருகிற நாள். காலை எழுந்ததிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு. ஷர்மிளா எதிரில் லாபம் என்று வந்துவிடக்கூடாது.

இரண்டாவது ஜாடியும் ஆயிற்று. அரைத்ததைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கினேன், இரண்டு ஜாடிக்கும் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. நல்ல நிறம், மழைக்காலத்து ஆற்றுத் தண்ணீர் நிறம். ஐஸ் பெட்டியைத் திறந்து, கோடு போட்டு வைத்திருந்த கிளாஸ்களை எடுத்து மேடையில் வரிசையாக வைத்தேன். கோடுகள் வழியவில்லை. கிளாஸுக்கு ஆறு கோடு, எல்லாம் உறைந்து, மேலே மெல்லியதாகவும் கீழே தடித்தும் நின்றன. வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன், நினைத்ததற்கே கூச்சமாக இருந்தது. ஊற்ற ஆரம்பித்தேன். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தினேன். நிரம்பியது, அடுத்தது, அடுத்தது. ஐந்தாவது கிளாஸ் நிரம்பும்போது பாத்திரம் சரியாகக் காலியானது. ஆனால் மேடையில் இன்னொரு கிளாஸ் இருந்தது. காலியாக, கோடுகளோடு. ஆறாவது கிளாஸ். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்துதானே எடுத்தேன். முதலில் தோன்றியது, சௌந்தரவல்லியை விட மனம் வராமல் கை அவளையும் சேர்த்து எடுத்துவிட்டது என்று. அது ஒரு நல்ல எண்ணமாகக்கூட இருந்தது. ஆனால் நான் அப்படி எடுக்கிறவன் இல்லை. மனம் வைத்து எடுக்கிறவன் இல்லை, எண்ணி எடுக்கிறவன். அலமாரியில் ஒன்பது கிளாஸ் உண்டு. திரும்பிப் பார்த்தேன், மூன்றுதான் இருந்தன. அப்படியானால் எண்ணித்தான் ஆறு எடுத்திருக்கிறேன், ஐந்து என்று சொல்லி. எப்படி? மேடையில் இருந்த கிளாஸ்களை விரலால் தொட்டு, மெதுவாக, வாய்விட்டு எண்ணினேன். லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

அஞ்சு என்று சொன்னபோது விரல் ஆறாவது கிளாஸின் மேல் இருந்தது. வாய் தானாக இரண்டையும் சொல்லியிருக்கிறது. பழைய லாபமும் போகவில்லை, புதிய ஒண்ணும் நிற்கவில்லை, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. சிரிப்பு வந்தது. உண்மையில் சிரித்தேன், மெதுவாக. மூக்கில் சாக்லேட் வாசனை, கூடத்தில் இளஞ்செழியன் ஏதோ சொல்ல நடராசன், "அட விடு மாப்ள" என்பது கேட்கிறது, நான் சிரித்துக்கொண்டே காலி கிளாஸை எடுத்து அலமாரியில் வைக்கத் திரும்பினேன். திரும்பியவன் அப்படியே நின்றேன். காலையில். காலை எட்டு மணிக்கு. எழுந்ததிலிருந்து ஒண்ணு, ஒண்ணு என்று பழகிக்கொண்டிருந்த அதே வாய். சௌந்தரவல்லி இரண்டு இட்லி தின்றுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மாத்திரைகளை நிறம் பார்த்து எடுப்பதில்லை, எண் வைத்துத்தான் எடுப்பேன். முதல் எண் பச்சை, சர்க்கரைக்கு. இரண்டாவது ரோஸ், பிரஷருக்கு. மூன்றாவது மஞ்சள், சத்துக்கு. லாபம் என்றால் பச்சை. ஒண்ணு என்றாலும் பச்சை. லாபம் என்று சொல்லி ஒரு பச்சை எடுத்திருந்தால், ஒண்ணு என்று சொல்லி இன்னொரு பச்சை. சொன்னேனா? இரண்டையும் சொன்னேனா? வாய் என்ன சொன்னது என்பதை வாய் எங்கே ஞாபகம் வைத்திருக்கிறது. இல்லை, இருக்காது, உள்ளங்கையில் நான்கு மாத்திரை கிடந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்குமா? ஐந்து கிளாஸுக்கு ஆறு கிளாஸ் எடுத்து, ஆறுக்கும் கோடு போட்டு, ஆறையும் ஐஸ் பெட்டியில் வைத்தபோது தெரிந்ததா? மாத்திரை டப்பா அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு எட்டு. போய் மூடியைத் திறந்தேன். பச்சை அட்டையை வியாழக்கிழமை புதிதாகப் பிரித்தேன். பத்து மாத்திரை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான்கு போக ஆறு இருக்க வேண்டும். அட்டையை வெளியே எடுத்தேன். எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. ஒரு வரிசை முழுக்கக் கிழிந்து காலியாக இருந்தது.

பச்சை மாத்திரை ஒன்றுதான், அதற்கு மேல் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லும்போது மேஜையைத் தட்டிச் சொன்னார். அதிகமானால் சர்க்கரை இறங்கிவிடும், ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து, வேர்க்கும், உளறுவாங்க, தூங்குற மாதிரியே இருப்பாங்க என்றார். தூங்குகிற மாதிரியே. மத்தியானம் அவள் இரண்டு கை ரசம் சாதம்தான் சாப்பிட்டாள். பிள்ளைகள் வந்த சந்தோஷத்தில் பசி இல்லை என்றாள். இரண்டு மணிக்குப் போய்ப் படுத்தாள். நான்தான் கதவைச் சாத்தி, "தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்று எல்லாரிடமும் சொன்னேன். நானே சொன்னேன். இப்போது மணி நான்கு பத்து. நிரப்பிய கிளாஸ்களின் வெளிப்பக்கம் நீர் பூத்து வழிந்துகொண்டிருந்தது. ஒரு கிளாஸை எடுத்தேன். மேலே ஐஸ்கிரீம் வைக்கவில்லை, செர்ரி வைக்கவில்லை. அறைக்குப் போக வேண்டுமானால் கூடத்தின் ஓரமாகத்தான் போக வேண்டும். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். "யாருக்குப்பா அது?" என்றாள் பூங்கோதை. "அம்மாவுக்கா? அம்மா குடிக்கக்கூடாதுப்பா." "சும்மா, கோடு எப்படி வந்திருக்குன்னு காட்டிட்டு வரேன்" என்றேன். அரை மணி நேரம் ஆகாமல் வாய்க்கு வந்த பதில் அது ஒன்றுதான், அதுவும் பொய். "பாத்தியாடி, இந்த வயசுலயும்!" என்றார் நடராசன். நான் கதவைத் திறந்து உள்ளே போய், பின்னாலேயே சாத்தினேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் கழுத்து நனைந்திருந்தது, ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. கையைத் தொட்டேன், கிளாஸைத் தொட்டது போலவே சில்லென்று ஈரமாக இருந்தது. வழக்கமாக நான் அவளை இந்தா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது பேர் சொல்ல வாய் வராது. "சௌந்தரம்" என்றேன். மறுபடியும் சொன்னேன். கண்ணைத் திறந்தாள். பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "பஸ்ஸு போயிடுச்சா" என்றாள். "எந்த பஸ்ஸு?" "பையைக் காணும். பஸ்ஸு போயிடுச்சு." தோளைத் தூக்கி உட்காரவைத்து, கிளாஸை உதட்டில் வைத்தேன். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். பாதி வழிந்து என் கையில் இறங்கியது. குடி, குடி. அப்போது மனதுக்குள் மிகச் சுத்தமாக ஒன்று தோன்றியது. இவள் இதைக் குடித்துவிட்டால் சர்க்கரை ஏறிவிடும். ஏறிவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பச்சை அட்டையை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் யாரும் எங்களைப் பிரிக்க முடியாது. மூன்றாவது வாய். இப்படித்தான் திருடுகிறவர்களுக்குத் தோன்றும்போல, அவ்வளவு ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம்" என்றாள். மூன்று வாய் போதுமா? கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மூன்று வாயில் எவ்வளவு போயிருக்கும்? அரை ஸ்பூன்? முக்கால்? ஒரு பச்சை மாத்திரைக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை? மூட்டைக்கு எத்தனை மரக்கால், மரக்காலுக்கு எத்தனை படி, ஈர நெல் காய்ந்தால் எவ்வளவு குறையும், உமி எவ்வளவு, தவிடு எவ்வளவு, எல்லாம் எனக்குத் தெரியும். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. தலையணையில் அவள் தலை மறுபடியும் சாய்கிறது. கண் மூடுகிறது. எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஷர்மிளா!" என்று கத்தினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்படிக் கத்தியதும் இல்லை. என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான்கு பேரும் ஒரே சமயத்தில் வாசலில் நெருக்கினார்கள். "காலையில பச்சை மாத்திரை ரெண்டு குடுத்துட்டேன்" என்றேன்.  அந்த ஒரு வரியைச் சொல்ல அரை மணி நேரம் ஆகவில்லை. ஷர்மிளா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். "அத்தை, இங்க பாருங்க. அத்தை. ஏங்க, என் பையில சுகர் பாக்குற மிஷின் இருக்கு, எடுத்துட்டு வாங்க. அண்ணி, ஒரு டம்ளர் தண்ணியில நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்குங்க, சீக்கிரம்." விரலில் குத்தினாள். மிஷினில் நாற்பத்தெட்டு என்று வந்தது. நாற்பத்தெட்டு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, இளஞ்செழியன் முகத்தில் தெரிந்தது. "மாமா, அவங்களைப் பின்னால இருந்து பிடிச்சுக்கங்க. நேரா. அப்படித்தான்." பூங்கோதை கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினாள். "அதுக்கப்புறம் இந்த மில்க்ஷேக்கையும் குடுக்கலாம், பாலு ரொம்ப நேரம் தாங்கும். இதுல எத்தனை ஸ்பூன் போட்டீங்க மாமா?" "கிளாஸுக்கு ரெண்டு" என்றேன். சொன்ன உடனேயே, லாபம், ஒண்ணு என்று அந்தப் பத்து ஸ்பூனும் பதினொன்றாக இருக்கலாம் என்று தோன்றியது. "இல்லம்மா, சரியாத் தெரியல" என்றேன்.  பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது எழுபத்தொன்று. அதற்குப் பிறகு கால் மணியில் தொண்ணூற்றாறு. அதற்குள் இளஞ்செழியன் டாக்டரிடம் போனில் பேசிவிட்டான். இந்த மாத்திரை ஒரு நாள் முழுக்க உடம்பில் நிற்குமாம், ராத்திரி முழுக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டுமாம், இறங்கினால் உடனே கூட்டி வர வேண்டுமாம், நாளைக் காலையில் பச்சை மாத்திரை கூடாதாம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். நடராசன் அடுக்களைக்குப் போய் மீதி நான்கு கிளாஸில் ஒன்றை எடுத்து வந்து, நின்றபடியே குடித்து, "மாமா, அருமையா இருக்கு" என்றார். மேலே ஐஸ்கிரீமும் செர்ரியும் இல்லாத கிளாஸ். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. சௌந்தரவல்லி தலையணையில் சாய்ந்து, புறங்கையால் மேலுதட்டைத் துடைத்தாள். முழுசாகத் தெளிந்துவிட்டாள். "நாற்பத்தாறு வருஷத்துல ஒரு ஐஸ் வாங்கித் தராத மனுஷன், இன்னைக்கு ஒரு கிளாஸ் நிறைய குடுக்கணும்னு இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கார்" என்றாள். பூங்கோதை அழுதுகொண்டே சிரித்தாள். "ஏம்மா, ரெண்டு பச்சை இருந்துச்சே, முழுங்கும்போது பார்க்கலியா நீ?" "பார்த்தேன்." "பார்த்தியா!" "பார்த்தேன்டி. டாக்டரு ஏத்தியிருப்பாருன்னு நெனச்சேன். உங்கப்பா எண்ணிக் குடுத்தா நான் எதுக்கு எண்ணணும்? அவரு எண்ணினா நான் எண்ண மாட்டேன்." இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், கூந்தலை முடிந்துகொண்டே. அறையில் யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லைபோல. எனக்குத்தான் உள்ளே ஏதோ இறங்கியது. நான் இரண்டு கொடுத்தாலும் முழுங்குவாள், நான்கு கொடுத்தாலும் முழுங்குவாள். கண்ணால் பார்த்துக்கொண்டே முழுங்குவாள். அவளுக்கும் சேர்த்து எண்ணுகிற ஒருவன் இருக்கிறான் என்று, தன் கண்ணைக்கூட நம்பாமல் இத்தனை காலம் இருந்துவிட்டாள். கேஸை மூடாமல் விட்டது ஒரு தடவைதான் என்று வாதாட நினைத்த இவனை நம்பி.

இளஞ்செழியன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் தப்புச் செய்துவிட்டு என்னிடம் சொல்ல வரும்போதும் இப்படித்தான் செய்வான். "அப்பா" என்றான். நிறுத்தினான். "அப்பா, நாங்க…" அவனுக்கும் என் வாய்தான், வராது. அந்த வாக்கியத்துக்குப் பயந்து புதன்கிழமையிலிருந்து ஒவ்வொரு கிளாஸாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று தோன்றியது. "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போப்பா" என்றேன். "ஷர்மிளா இருக்குற வீட்டுலதான் அவ இருக்கணும்." சௌந்தரவல்லி சட்டென்று திரும்பினாள். "யாரைக் கேட்டு முடிவு பண்றீங்க? நான் வரமாட்டேன். ஒரு நாள் கை தவறிப் போச்சு, அவ்வளவுதானே? முழுங்கினது நானு, எனக்கு வராத கோவம் உங்களுக்கு என்ன?" "கோவம் இல்ல." "பின்ன என்ன?" பதில் இருந்தது. நீ எண்ண மாட்டாய் என்பதுதான் பதில். பிள்ளைகள் எதிரில் அதைச் சொல்ல வரவில்லை. "ராணிப்பேட்டைக்கும் திருச்சிக்கும் ரயிலு இருக்கு" என்றேன்.  அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்தத் தடவை தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கழுத்தில் வேர்வை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு மணிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்ததில் நூற்றுப் பத்து. அவளுடைய புடவைகளைப் பூங்கோதை மடித்து வைக்க ஆரம்பித்தாள். நான் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தேன். ஷர்மிளா ஒரு துணிப்பையை விரித்துக்கொண்டு, என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, பச்சை அட்டையை எடுத்து என்னிடமே நீட்டினாள். "நீங்களே எண்ணிக் குடுங்க மாமா. எழுதிக்கிறேன்." அட்டை என் விரலில் பட்டது. வாங்கவில்லை. சௌந்தரவல்லி சுவர்ப்பக்கமே இருந்தாள், ஆனால் மூச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ எண்ணும்மா" என்றேன். "சத்தமா எண்ணு. அத்தைக்குக் கேக்கட்டும்."  ஷர்மிளா நகத்தால் ஒவ்வொரு மாத்திரையாகத் தொட்டு எண்ணினாள். நான் உதட்டைச் சேர்த்துக் கடித்துக்கொண்டேன். அவள் சொல்லி முடித்ததும் சுவர்ப்பக்கத்திலிருந்து சௌந்தரவல்லி, அவளாகவே, மீதி எத்தனை என்பதைத் திருப்பிச் சொன்னாள். அஞ்சு.